கட்டுறா எலக்ட்ரான் லேசரில் ஒளி மங்கினால்: அறிகுறியைப் பிடித்துப் பழுதைத் தேடும் வழி

"ஒளி பாதியாகிவிட்டது" என்று சோதனைக் கூடத்திலிருந்து அழைப்பு வந்ததும் ஆபரேட்டரின் கை தானாக அண்டுலேட்டர் (எலக்ட்ரான்களை வளைந்து நெளிய வைத்து ஒளி உமிழச் செய்யும் காந்த வரிசை) பக்கம் போகும். ஒளி பிறக்கும் இடம் அதுதானே என்ற நினைப்பு. நான் பார்த்தவரை பழுது அங்கே இருப்பது குறைவு. எலக்ட்ரான் துப்பாக்கியில் (லேசர் பட்டுக் கேத்தோடு எலக்ட்ரான்களை உமிழும் இடம்) தொடங்கி வழிநெடுக நடந்த சின்னச் சின்னத் தவறுகளைப் பெருக்கிக் காட்டும் இடம்தான் அண்டுலேட்டர்.

எவ்வளவு பெருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளியின் திறன் அண்டுலேட்டர் நெடுக அடுக்குக்குறி வேகத்தில் வளர்கிறது. ஒரு பெருக்க நீளத்தில் ஏறக்குறைய 2.7 மடங்கு. அந்த நீளமோ உச்ச மின்னோட்டத்தின் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். உச்ச மின்னோட்டம் 10 சதவீதம் குறைந்தால் பெருக்க நீளம் மூன்றரை சதவீதம்தான் நீள்கிறது. ஆனால் தெவிட்டுநிலையை, அதாவது ஒளி மேலும் வளராத நிலையை, எட்ட 18, 20 பெருக்க நீளங்கள் வேண்டும். தெவிட்டாத நிலையில் 18 பெருக்க நீளம் ஓடும் வரிசையில் இந்த மூன்றரை சதவீதமே ஒளியைப் பாதியாக்கிவிடும்.

இரண்டாவது சிக்கல் ஃபீட்பேக். எலக்ட்ரான் கொத்தின் மின்னூட்டம், ஆற்றல், நீளம், பாதை என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். திரையில் எல்லா எண்ணும் பச்சையாக, நேற்று இருந்த அதே மதிப்பில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு "எலக்ட்ரான் பக்கம் எல்லாம் சரி" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த எண்ணை அங்கே நிறுத்த ஃபீட்பேக் எவ்வளவு தள்ளுகிறது? அளவீட்டைப் பார்க்காதீர்கள், தள்ளும் கையைப் பாருங்கள். துப்பாக்கி லேசரின் ஒளித்தடுப்பு எங்கே நிற்கிறது, முடுக்கத்துக்கு மைக்ரோவேவ் திறன் தரும் கிளைஸ்ட்ரானின் கட்டம் (அலையின் நேர நிலை) எவ்வளவு நகர்ந்திருக்கிறது, திருத்துக் காந்தத்தின் மின்னோட்டம் எந்த எல்லையை நெருங்குகிறது என்று பாருங்கள். ஒரு வாரத்து வரலாற்றை அளவீடுகளைச் சேமிக்கும் ஆர்க்கைவரிலிருந்து இழுத்துப் போட்டால் பாதிப் பழுதுகள் அங்கேயே முகம் காட்டும்.

எதையும் தொடுமுன் ஐந்து நிமிடம் இன்னொன்றுக்கும் கொடுங்கள். ஒளி உண்மையிலேயே குறைந்ததா, அளக்கும் கருவி குறைத்துக் காட்டுகிறதா? வாயு அளவியில் அழுத்தம் சரியா, டிடெக்டரின் மின்னழுத்தத்தை யாரும் மாற்றினார்களா, முந்தைய ஷிப்டில் யாராவது ஒளித்தடுப்பானை உள்ளே விட்டுவிட்டுப் போய்விட்டார்களா? சிரிக்க வேண்டாம். நானே ஒருமுறை இரண்டு மணி நேரம் பாதையைச் சரிசெய்துவிட்டுக் கடைசியில் ஒளி வழியில் திரை ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தேன்.

பிறகு வரிசையை வெட்டிப் பாருங்கள். துப்பாக்கிக்குப் பின் மின்னூட்டம், இன்ஜெக்டர் (துப்பாக்கியும் முதல் முடுக்கியும் சேர்ந்த தொடக்கப் பகுதி) முடிவில் ஆற்றலும் எமிட்டன்ஸும் (கற்றை எவ்வளவு பரந்து விரிகிறது என்ற அளவு), கொத்து சுருக்கிக்குப் பின் கொத்தின் நீளம், அண்டுலேட்டர் வாசலில் பாதை. இந்த நான்கில் எது முதலில் நேற்றோடு ஒத்துப்போகவில்லையோ, அதற்கு முன்னால் இருப்பதுதான் உங்கள் வேலை.

மின்னூட்டம் விழுகிறது, அல்லது விழாமலிருக்க லேசர் ஏறிக்கொண்டே போகிறது

இரண்டும் ஒரே நோய்தான். ஃபீட்பேக் ஓடினால் இரண்டாவது முகம் தெரியும், நிறுத்தினால் முதலாவது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு: கேத்தோடுக்கு வரும் புறஊதா ஒளி குறைந்திருக்கலாம், கேத்தோடின் குவாண்டம் திறன் (ஒரு ஃபோட்டானுக்கு எத்தனை எலக்ட்ரான் என்ற விகிதம்) சரிந்திருக்கலாம், அல்லது லேசர் வந்து சேரும் கட்டம் நகர்ந்திருக்கலாம்.

முதலில் கேத்தோடுக்குச் சமமான தூரத்தில் வைத்திருக்கும் கேமராவில் லேசர் புள்ளியைப் பாருங்கள். அதைப் போலிக் கேத்தோடு என்போம். புள்ளி வட்டமாக, சீராக, அதே இடத்தில் இருக்கிறதா? புறஊதா ஒளி கண்ணாடிகளின் பூச்சை மெல்ல மெல்ல எரிக்கும். அதிர்வெண் பெருக்கும் பிபிஓ படிகம் ஈரத்தை உறிஞ்சும், அதன் மேற்பரப்பு மங்கும். இரண்டிலும் ஆற்றல் மட்டும் குறைவதில்லை, புள்ளியின் வடிவமும் கெடும். வடிவம் கெட்டால் எமிட்டன்ஸ் கெடும், அப்போது மின்னூட்டத்தை மீட்டாலும் ஒளி மீளாது. ஃபீட்பேக் மறைத்துவிடும் இடம் இதுதான். மின்னூட்டம் கோடு போட்டது போல நிற்கும், புள்ளி மட்டும் பிறைநிலா ஆகியிருக்கும்.

புள்ளி நன்றாக இருந்தால் கட்டத்தைச் சோதியுங்கள். மின்னூட்ட ஃபீட்பேக்கை நிறுத்திவிட்டு, துப்பாக்கியின் ஆர்எஃப் (முடுக்கும் ரேடியோ அலை) கட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் மின்னூட்டத்தைக் குறியுங்கள். மின்னூட்டம் பூஜ்யத்திலிருந்து எழும் விளிம்பு பழைய இடத்திலேயே இருந்து வளைவு மட்டும் தாழ்ந்திருந்தால் கேத்தோடு சோர்ந்துவிட்டது. வளைவு உயரம் மாறாமல் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் கேத்தோடின் மேல் பழி போடாதீர்கள். லேசரின் நேரமோ துப்பாக்கியின் கட்டமோ நழுவியிருக்கிறது. பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் கேத்தோடை மாற்றப் புறப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேத்தோடுதான் காரணம் என்று உறுதியானால், அது செம்பா சீசியம் டெலுரைடா என்பதைப் பொறுத்து அடுத்த அடி மாறும். செம்பின் குவாண்டம் திறன் ஒரு லட்சத்துக்குச் சில என்ற அளவு. 263 நானோமீட்டர் ஒளியில் ஒரு ஃபோட்டானுக்கு 4.7 எலக்ட்ரான்வோல்ட். குவாண்டம் திறன் லட்சத்துக்கு ஐந்து என்றால் 250 பிகோகூலும் எடுக்கச் சுமார் 24 மைக்ரோஜூல் லேசர் வேண்டும். புதிய சீசியம் டெலுரைடில் திறன் சில சதவீதம். 5 சதவீதம் என்றால் அதே மின்னூட்டத்துக்கு 24 நானோஜூல் போதும். ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதற்கான விலை வெற்றிடம்தான். சீசியம் டெலுரைடுக்கு ஆக்சிஜனும் கார்பன் டைஆக்சைடும் நஞ்சு, வெற்றிடம் 10இன் அடுக்கு −10 மில்லிபார் அளவில் நிற்க வேண்டும். ஆகவே திறன் சரிந்த நாளிலிருந்து பின்னோக்கி அயனி பம்ப் மின்னோட்டத்தைப் பாருங்கள். ஒரு வால்வு திறந்த நேரமோ, சோலனாய்டு பக்கத்தில் யாரோ வேலை செய்த நேரமோ அதில் சின்ன முள்ளாக நிற்கும். அந்த முள்ளின் காரணத்தைக் களையாமல் புதுக் கேத்தோடைச் செருகினால் அதுவும் அதே வழிதான் போகும்.

செம்பு அவ்வளவு மென்மையானதல்ல. வெற்றிடத்துக்குள்ளேயே லேசரைக் குவித்து மேற்பரப்பைத் துடைக்கும் முறை உண்டு. ஆனால் ஆற்றலைக் கொஞ்சம் கூட்டிவிட்டாலும் செம்பு உருகிக் குழியாகும். குழி விளிம்புகளில் மின்புலம் செறிந்து, லேசரே இல்லாத நேரத்திலும் எலக்ட்ரான்கள் உதிரும். இருள் மின்னோட்டம் ஏறிய துப்பாக்கியோடு வாழ்வதைவிடத் திறன் குறைந்த கேத்தோடோடு வாழ்வது எவ்வளவோ மேல்.

ஆர்எஃப் அடிக்கடி டிரிப் ஆகிறது, பின்வரும் திறன் எகிறுகிறது

இன்டர்லாக்கை (ஆபத்தில் தானாக நிறுத்தும் பாதுகாப்பு) ரீசெட் செய்து மறுபடி ஏற்றுவது எளிது. மூன்றாவது முறை ரீசெட் அழுத்துமுன் கடைசி டிரிப்பின் அலைவடிவங்களைச் சேமித்தீர்களா என்று பாருங்கள். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூன்று கோடுகள் வேண்டும்: கிளைஸ்ட்ரானிலிருந்து போகும் திறன், திரும்பி வரும் திறன், முடுக்குக் குழாயின் மறுமுனையில் வெளியேறும் திறன். போகும் திறனே துடிப்பின் நடுவில் அறுந்திருந்தால் பழுது குழாயில் இல்லை, கிளைஸ்ட்ரானிலோ அதற்கு உயர்மின்னழுத்தத் துடிப்பு தரும் மாடுலேட்டரிலோ இருக்கிறது. போகும் திறன் நன்றாக இருந்து, வெளியேறும் திறன் சட்டென்று விழுந்து, திரும்பும் திறன் எழுந்தால் உள்ளே மின்பொறி. வெளியேறுவது விழுந்த நேரத்துக்கும் திரும்புவது எழுந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி பொறி எங்கே விழுந்தது என்று சொல்லும். அலை குழாய்க்குள் மெதுவாகத்தான் ஊர்கிறது. ஸ்லாக் வகை 3 மீட்டர் எஸ்-பேண்ட் குழாய் நிரம்பவே 0.83 மைக்ரோவினாடி ஆகும். அதனால் குழாயின் தலையில் விழுந்த பொறியையும் வாலில் விழுந்ததையும் சாதாரண டிஜிட்டைசரிலேயே பிரித்துவிடலாம். வெளியேறுவது விழாமல் திரும்புவது மட்டும் கூடியிருந்தால் திசைப்பிரிப்பானின் கேபிளை முதலில் அசைத்துப் பாருங்கள்.

பொறி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் கவலை குறைவு. குழாய் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால், அதுவும் செராமிக் ஜன்னல் அருகில் என்றால், திறனைக் குறைத்து ஓட்டிக்கொண்டு மாற்று ஜன்னலுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஜன்னல் வெடித்தால் இழப்பது அந்த ஜன்னலை மட்டுமல்ல. வெற்றிடப் பக்கம் செராமிக் தூள் பரவிவிடும்.

மீண்டும் ஏற்றும்போது துடிப்பின் அகலத்தைக் குறைத்து, திறனைப் பாதியிலிருந்து தொடங்கி, வெற்றிடம் அடங்கும் வேகத்துக்கு ஏற்ப ஏறுங்கள். அவசரப்பட்டு முழுத் திறனுக்குத் தாவினால் பொறி விழுந்த இடத்தில் புதுக் காயம் விழும், அடுத்த பொறிக்கு அதுவே விதை. வேவ்கைடில் (ஆர்எஃப் திறனைக் கொண்டுபோகும் உலோகக் குழாய்) சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு நிரப்பிய அமைப்பு என்றால் இன்னொரு எச்சரிக்கை: அந்த வாயு தன்னளவில் தீங்கற்றது, ஆனால் பொறி விழுந்த பின் அதில் நச்சும் அரிப்பும் உள்ள சிதைபொருள்கள் இருக்கும். முறையாக வெளியேற்றாமல் ஃபிளாஞ்சைக் கழற்றக் கூடாது.

மாடுலேட்டர் பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லிவிடுகிறேன். பெரிய கிளைஸ்ட்ரான்களின் மின்னழுத்தம் 350 கிலோவோல்ட் வரை போகும். சுவிட்சை அணைத்ததும் கெப்பாசிட்டர்கள் காலியாகிவிட்டன என்று எந்த மீட்டர் சொன்னாலும் நம்பாமல், தரையிணைப்புக் கோலைத் தொட்டு, தொட்ட இடத்திலேயே விட்டுவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். கதவு இன்டர்லாக்கை ஜம்பர் போட்டுத் தாண்டிப் பழுது பார்ப்பதற்கு எந்த அவசரமும் காரணமாகாது.

பகலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி

ஒளி காலையில் நன்றாக இருந்து மதியம் சரிந்து இரவில் மீள்கிறது. அல்லது கட்ட ஃபீட்பேக் ஒரு நாளில் அலை போல ஏறி இறங்குகிறது. நேரே குளிர்நீர்ப் பக்கம் போங்கள்.

செம்பு ஒரு டிகிரி செல்சியஸுக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு விரியும். 2856 மெகாஹெர்ட்ஸ் துப்பாக்கியில் அது டிகிரிக்கு ஏறக்குறைய 48 கிலோஹெர்ட்ஸ். நீரின் வெப்பநிலை 0.1 டிகிரி மாறினால் ஒத்ததிர்வு 5 கிலோஹெர்ட்ஸ் நகரும். துப்பாக்கியின் சுமையேற்றிய க்யூ (ஒத்ததிர்வின் கூர்மை) 6500 என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் புலத்தின் கட்டம் ஒரு டிகிரிக்கும் மேல் திரும்பும். நிரம்ப 0.83 மைக்ரோவினாடி எடுக்கும் 3 மீட்டர் குழாயிலும் அதே 0.1 டிகிரிக்கு வால்முனையில் ஒன்றரை டிகிரி கட்டம் வழுவும். எஸ்-பேண்டில் ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய ஒரு பிகோவினாடி. கொத்தைச் சுருக்குவதற்காகக் கட்டத்தைச் சரித்து ஓட்டும் குழாயில் இதுவே உச்ச மின்னோட்டத்தை ஆட்டப் போதும்.

ஆகவே "நீர் 0.1 டிகிரிக்குள் நிற்கிறது" என்பது நல்ல செய்தி அல்ல. சென்சார் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். சில்லர் வாசலில் வைத்த சென்சாருக்குக் குழாயில் நடப்பது தெரியாது. இடையில் வடிகட்டி அடைத்து ஓட்டம் குறைந்திருந்தால், நுழையும் நீர் துல்லியமாக இருந்தும் செம்பு சூடாகவே இருக்கும். நுழையும் நீர், வெளியேறும் நீர் இரண்டின் வித்தியாசத்தை ஓட்ட அளவோடு சேர்த்து வாரக்கணக்கில் பாருங்கள். வித்தியாசம் மெல்ல ஏறிக்கொண்டே போனால் வடிகட்டியைக் கழற்றும் நாள் வந்துவிட்டது.

நீர் குற்றமற்றது என்று தெரிந்தால் கேபிள்களுக்கு வாருங்கள். கட்டத்தை ஒப்பிட உதவும் மேற்கோள் அலையைக் கொண்டுபோகும் கோஆக்சியல் கேபிளும் வெப்பத்துக்கு நீளும். இதில் நயவஞ்சகம் என்னவென்றால், கட்டத்தை அளக்கும் கேபிளே நீண்டால் ஃபீட்பேக் நல்ல கட்டத்தைக் கெடுத்து, அளவீட்டை நேராக்கிவிடும். திரையில் எதுவும் நகர்ந்ததாகத் தெரியாது. எலக்ட்ரான் கொத்து மட்டுமே உண்மையைச் சொல்லும். கட்டத்தை ஓட்டி, சிதறல் உள்ள (ஆற்றலுக்கேற்பக் கற்றை விலகும்) இடத்துப் பிபிஎம்மில் (கற்றையின் இடத்தை அளக்கும் கருவி) ஆற்றலின் உச்சம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பாருங்கள். அந்த உச்சம் நேற்றைவிட நகர்ந்திருந்தால் அளவுகோலே நகர்ந்துவிட்டது.

துடிப்புக்குத் துடிப்பு ஆடுகிறது

எஸ்ஏஎஸ்இ (தானே பெருகும் தன்னியல்பு உமிழ்வு) முறையில் ஒளி இரைச்சலிலிருந்து பிறக்கிறது. எலக்ட்ரான் கற்றை அசையாமல் நின்றாலும் ஒவ்வொரு துடிப்பும் கொஞ்சம் வேறுபடும்; கொத்து குட்டையாக இருந்தால் இன்னும் அதிகமாக. அதைத் துரத்தாதீர்கள், அது இயற்பியல். ஆட்டம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் மட்டும் சில ஆயிரம் துடிப்புகளை ஒத்திசைந்து பதிந்து, ஒளியை எலக்ட்ரானின் ஆற்றல், மின்னூட்டம், கொத்தின் நீளம், வரும் நேரம் ஒவ்வொன்றுக்கும் எதிராகப் புள்ளியிட்டுப் பாருங்கள். எந்தப் படத்தில் மேகம் சாய்ந்து நிற்கிறதோ அங்கே போங்கள்.

ஆற்றலோடு சாய்ந்தால் கிளைஸ்ட்ரான்களை ஒவ்வொன்றாகச் சந்தேகியுங்கள். மின்னழுத்தம் ஒரு சதவீதம் மாறினாலே வெளிவரும் கட்டம் பல டிகிரி திரும்பும். தைரட்ரான் (வாயு நிரப்பிய உயர்மின் சுவிட்ச்) மாடுலேட்டர் என்றால், அந்த வாயுவை வெளிவிடும் ரிசர்வாயர் சூடேற்றியின் மின்னழுத்தம் சரியான இடைவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள். வயதான தைரட்ரானில் அந்த இடைவெளி குறுகிக்கொண்டே வரும்.

ஒளி ஒன்றுவிட்டு ஒன்று பெரிதும் சிறிதுமாக வந்தால் மகிழுங்கள், எளிதான பழுது. 60 சுழற்சி மின்வழங்கலில் நொடிக்கு 120 துடிப்பு ஓட்டினால் அடுத்தடுத்த துடிப்புகள் மின்னலையின் எதிரெதிர் பாதியில் விழும். எங்கோ ஒரு மின்வழங்கியில் சிற்றலை இருக்கிறது. இரட்டைப்படை, ஒற்றைப்படைத் துடிப்புகளின் பாதைகளைத் தனித்தனியே சராசரி எடுத்துக் கழித்தால் வித்தியாசம் எந்தக் காந்தத்திலிருந்து தொடங்குகிறது என்று பிபிஎம் வரிசையே காட்டும்.

மீக்கடத்துக் குழிகளில்

1.3 கிகாஹெர்ட்ஸ், 9 அறை நியோபியம் குழிகள் ஓடும் இயந்திரங்களில் பழுதின் குணமே வேறு. இங்கே அலைவரிசை அகலம் சில நூறு ஹெர்ட்ஸ்தான். குழியின் சொந்த மின்காந்தப் புலமே சுவரை அழுத்தி, மீட்டருக்கு ஒரு மெகாவோல்ட் என்பதன் இருமடிக்குச் சுமார் 1 ஹெர்ட்ஸ் வீதம் அதிர்வெண்ணை இழுக்கும். 23 மெகாவோல்ட்டில் அது 500 ஹெர்ட்ஸைத் தாண்டும். துடிப்பின் தட்டையான பகுதியில் புலம் சரிகிறது, அதை நிறுத்தக் கிளைஸ்ட்ரான் கூடுதலாக உழைக்கிறது என்றால் குழியை நுட்பமாக இழுத்து அதிர்வெண்ணைச் சரிசெய்யும் பீசோ டியூனரின் அமைப்பை முதலில் பாருங்கள்.

குவெஞ்ச் (குழி மீக்கடத்துதிறனை இழத்தல்) என்று இன்டர்லாக் சொன்னால் நம்புமுன் துடிப்பு முடிந்தபின் புலம் தேயும் வேகத்தைப் பாருங்கள். வழக்கத்தைவிட விரைவாகத் தேய்ந்திருந்தால் உண்மையான குவெஞ்ச். ஹீலியம் அழுத்தமும் தொடர்ந்து எழும். 2 கெல்வினில் அது 31 மில்லிபாரை ஒட்டி நிற்க வேண்டியது. தேயும் வேகம் மாறவில்லை என்றால் டியூனிங் நழுவியதை இன்டர்லாக் தவறாகப் படித்திருக்கிறது.

திரையில் கற்றை திடீரென்று அழகாக மினுங்குகிறது

நம்பாதீர்கள். சுருக்கிக்குப் பின் உள்ள ஓடிஆர் (கற்றை உலோகப் படலத்தைக் கடக்கும்போது எழும் ஒளி) திரையில் வளையமும் புள்ளியுமாகக் கண்ணைப் பறிக்கும் படம் வந்தால், அது கற்றையின் உருவம் அல்ல. கொத்துக்குள் ஒளியின் அலைநீள அளவில் நுண்ணடர்த்தி வேறுபாடுகள் உருவாகி, அவை ஒத்திசைந்து ஒளிர்கின்றன. ஸ்டான்ஃபோர்டின் எல்சிஎல்எஸ் எக்ஸ்-கதிர் லேசரைத் தொடங்கிய காலத்திலேயே இந்தத் தொல்லை வந்து, கற்றையின் அகலத்தை அளக்கக் கம்பி வருடிகளை நம்ப வேண்டியதாயிற்று. இங்கே சரிபார்க்க வேண்டியது லேசர் ஹீட்டர் (கொத்தின் ஆற்றலைச் சற்று விரித்து இந்த வேறுபாடுகளை மழுங்கடிக்கும் லேசர்): அதன் ஒளி எலக்ட்ரான் கொத்தோடு இடத்திலும் நேரத்திலும் பொருந்தி விழுகிறதா என்று.

எல்லாம் சரி, அலைநீளம் மட்டும் சரியில்லை

இப்போதுதான் அண்டுலேட்டருக்கு வருகிறோம். அலைநீளம் எலக்ட்ரான் ஆற்றலின் இருமடிக்கு எதிர்விகிதம், ஆற்றல் 0.1 சதவீதம் நழுவினால் அலைநீளம் 0.2 சதவீதம் நகரும். நிறமாலை முழுதாக ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் ஆற்றல். அகன்றோ இரண்டாகப் பிளந்தோ இருந்தால், கொத்தின் ஆற்றல் விரிவு மாறவில்லை என்று உறுதிசெய்தபின், அண்டுலேட்டரின் ஒரு துண்டு மட்டும் வரிசையிலிருந்து விலகியிருக்கிறதா என்று தேடுங்கள்.

எவ்வளவு விலகினால் கெடும்? எல்சிஎல்எஸ்ஸில் ஒவ்வொரு துண்டின் கே மதிப்பும் (அண்டுலேட்டர் புலத்தின் வலிமை எண்) பத்தாயிரத்தில் ஒன்றரை பங்குக்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 30 மில்லிமீட்டர் அலைவு நீளமுள்ள அண்டுலேட்டரில் காந்த இடைவெளி 10 மைக்ரோமீட்டர் மாறினால் புலம் தோராயமாக 0.1 சதவீதம் மாறும். நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரி சூடேறினாலும் அதே 0.1 சதவீதம் வலுவிழக்கும். ஆகவே இடைவெளி என்கோடரும் வெப்பமானியும் இங்கே இரட்டைச் சாட்சிகள், ஒன்றை விட்டு மற்றதைக் கேட்காதீர்கள். இடைவெளியை முழுக்கத் திறந்து மூடினால் என்கோடர் பழைய எண்ணுக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். மற்றத் துண்டுகளைத் திறந்துவிட்டு, சந்தேகத் துண்டை மட்டும் மூடி, அதன் தன்னியல்பு ஒளியை மோனோகுரோமேட்டர் வழியே அளந்தால் கே மதிப்பு நேரடியாகக் கிடைக்கும்.

என்கோடர் நேர்மையாக இருக்கிறது, வெப்பமும் மாறவில்லை, ஆனாலும் கே மாதாமாதம் இறங்குகிறது என்றால் கதிர்வீச்சு காந்தத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. பெரும்பாலும் முதல் சில துண்டுகள்தான் அடி வாங்கும். தற்காலிகமாக இடைவெளியைச் சற்று மூடி ஈடுகட்டலாம். ஆனால் காந்தம் சீராக வலுவிழப்பதில்லை, கற்றைக்கு நெருக்கமான முகம்தான் முதலில் போகும், அதனால் புலத்தின் வடிவமும் கோணும். இழப்பு அளவிகளின் பதிவை எடுத்து அந்தத் துண்டுக்கு முன்னால் எலக்ட்ரான்கள் எங்கே உரசுகின்றன என்று பாருங்கள். இருள் மின்னோட்டமா, கொலிமேட்டர் (விளிம்பு எலக்ட்ரான்களைத் தடுக்கும் துளை) விலகலா, திருத்துக் காந்தம் எல்லைக்குத் தள்ளப்பட்டதால் கோணிய பாதையா? அதைச் சரிசெய்த பிறகுதான் துண்டைக் கழற்றிக் காந்த அளவீட்டு மேசைக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக வந்து உட்காரும் துண்டும் அதே கதிரில்தான் நிற்கும்.